காத்திருக்கும் நாய்க்கு அனுமதி இல்லை

வத்தலின் தலையில் தொப்பியை மாட்ட மூன்று பிஸ்கட் ஆயிற்று.

தொப்பி என்பது பேச்சுக்குத்தான். மெல்லிய கம்பி இழையில் பின்னிய வலை அது. லூர்து அதைக் காதுகளுக்குப் பின்னால் இழுத்துக் கட்டியதும், வேண்டாவெறுப்பாகத் தலைப்பாகை கட்டிக்கொண்ட கல்யாண மாப்பிள்ளை போல வத்தல் விறைத்து நின்றது.

"அசையாம நில்லுப்பா. போட்டோ எடுக்கப் போறோம்" என்றார் லூர்து. விமான நிலையச் சரக்குப் பகுதிக்குப் பின்னால் இருந்த அந்த விலங்குச் சான்று நிலையத்தில் பதினெட்டு வருடமாக நாய்களைப் பிடித்து நிறுத்துவதுதான் அவர் வேலை. அவருடைய சட்டைப்பை எப்போதும் பிஸ்கட் பொடியாகவே இருக்கும்.

உடன் பயணம் செய்பவர் சோதனையின்போது அறையில் இருக்க வேண்டும் என்பது விதி. சேந்தன் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மடியில் கோப்பு. வெறிநாய்த் தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, தோலுக்கடியில் வைத்த சிப், பூச்சி மருந்து என்று எல்லாக் காகிதத்தையும் தேதி வாரியாக அடுக்கியிருந்தான். கூண்டை அவனே செய்திருந்தான். நாய் எழுந்து நின்றால் காது மேலே இடிக்கக் கூடாது, திரும்பினால் வால் மடங்கக் கூடாது, படுத்தால் காலை முழுதாக நீட்ட வேண்டும். அவன் மெட்ரோவுக்குச் சுரங்கம் தோண்டும் பொறியாளன். வத்தலை மூன்று முறை அளந்து, நான்கு பக்கமும் நான்கு விரற்கடை கூடுதலாக விட்டிருந்தான்.

"கூண்டு எங்க வீட்டு ஹாலைவிடப் பெருசு சார்" என்று வந்தவுடனேயே லூர்து சொல்லியிருந்தார். சேந்தன் சிரிக்கவில்லை. அவர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

டாக்டர் ரெஹானா இடுக்கியால் ஒவ்வொரு துணியாக எடுத்து வத்தலின் மூக்கருகே காட்டினார். முதலில் யாருடையதோ ஒரு கைக்குட்டை. திரையில் கோடு நேராகப் போயிற்று. அடுத்து சேந்தனின் பனியன். கோடு ஏறி, சற்று நின்று, இறங்கியது. கடைசியாக ஒரு பச்சைத் துப்பட்டா. கோடு ஏறியது. இறங்கவில்லை. வத்தல் தலையைத் திருப்பிக் கதவைப் பார்த்தது.

டாக்டர் திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது, சேந்தன்."

"ஊசியெல்லாம் சரியா இருக்கே டாக்டர்."

"ஊசி சரி. கூண்டும் சரி. நாய் யாரையோ எதிர்பாத்துட்டிருக்கு. பதினாலாவது விதியைப் படிச்சீங்களா?"

"படிச்சேன். காத்திருக்கும் நாயை நாட்டை விட்டு அனுப்பக் கூடாதுன்னு போட்டிருந்தது. எதுக்குன்னு விளங்கல."

ரெஹானா கையுறையைக் கழற்றினார். ஐம்பதைத் தாண்டியவர், நின்றுகொண்டே வேலை செய்து பழகியவர். அன்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பன்னெண்டு வருஷம் முன்னாடி நம்ம ஊர் வேட்டை நாய்ங்க மேல வெளிநாட்டுல ஒரு மோகம் வந்துது. சிப்பிப்பாறை, கன்னின்னு கேட்டு வாங்கினாங்க. ஒரே விமானத்துல நாப்பது நாய் போச்சு. போய் ஒரு மாசத்துல பதினொண்ணு செத்துடுச்சு. நோய் கிடையாது. தட்டு நிறைய சாப்பாடு, ஒண்ணும் தொடல. எல்லாம் கதவைப் பாத்தபடியே படுத்திருந்துதுன்னு அங்க இருந்த டாக்டர் எழுதினார். நாப்பது சான்றுலயும் இருந்தது என் கையெழுத்து."

லூர்து குனிந்து வத்தலின் தொப்பியைத் தளர்த்திக்கொண்டிருந்தார். இந்தக் கதை அவருக்குத் தெரியும்.

"அதுக்கப்புறம்தான் இந்தத் தொப்பி வந்துது" என்றார் ரெஹானா. "நாய் ஒரு வாசனையை ஞாபகம் வெச்சிருக்கறது வேற, அந்த ஆள் வருவாங்கன்னு இருக்கறது வேற. ரெண்டையும் இது பிரிச்சுக் காட்டும். வீட்டுல இருக்கிற வரைக்கும், வந்துடுவாங்கன்னு சாப்பிடும், தூங்கும். இடம் மாறினா, அவங்க வந்து தேடுற எடத்துல நாம இல்லையேன்னு உடைஞ்சு போயிடும். இந்தத் துப்பட்டா யாரோடது?"

"என் மனைவி. குழலி."

"அவங்க பின்னாடி வர்றாங்களா? சேர்ந்தே போனா பிரச்சினை இல்ல."

"இறந்துட்டா. பத்து மாசமாச்சு."

வீட்டு விலாசம் சொல்வது போலத்தான் சொன்னான். எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லி வந்தான். லூர்துவின் கையில் பாதி பிஸ்கட் நின்றது. வத்தல் அதை நாசூக்காக எடுத்துக்கொண்டது.

"நாய் உடம்பைப் பாத்துதா?" என்று ரெஹானா கேட்டார்.

"இல்ல."

மூன்று நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது குழலி வாசலில் குனிந்து வத்தலின் மோவாயைப் பிடித்து, "சாயங்காலம் வந்துருவேன், ஆட்டம் போடாம இரு" என்றாள். மறுநாள் மத்தியானம் கண்ணாடிப் பெட்டியில் வந்தாள். அவள் அண்ணன் தணிகாசலம் அதற்கு முன்பே வந்து, நாயை மொட்டை மாடிக்கு இழுத்துப் போய் மோட்டார் அறையில் பூட்டியிருந்தான். சவத்தின் பக்கம் நாயோ பூனையோ அண்டக் கூடாது, குறுக்கே போய்விடக் கூடாது என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். எடுத்துக்கொண்டு போன பிறகு பெண்கள் வீடு முழுவதும் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். பினாயில் தெளித்தார்கள். சாயங்காலம்தான் வத்தலை இறக்கிவிட்டார்கள். அது நேராகச் சேந்தனிடம் வந்து அவன் இரண்டு கைகளையும் மோந்தது. ரொம்ப நேரம் மோந்தது. அப்புறம் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்து, இரண்டு நாள் வெளியே வரவில்லை. பூட்டி வைத்த கோபம் என்று சொன்னார்கள்.

இதில் பாதியைத்தான் டாக்டரிடம் சொன்னான்.

"அதான்" என்றார் அவர். "போனதைப் பாத்திருக்கு. முடிஞ்சதைப் பாக்கல. நாயோட கணக்குல அவங்க இன்னும் ஆஸ்பத்திரியில இருக்காங்க. கடைசியா அவங்க உடம்புல இருந்த துணி எதாவது வெச்சிருக்கீங்களா? உயிர் போன பிறகும் உடம்புல இருந்தது. துவைக்காதது."

"என்கிட்ட இல்ல."

"யார்கிட்டயாவது இருந்தா கொண்டு வாங்க. பல நாய்ங்க ஒரு தடவை மோந்தா புரிஞ்சுக்கும். ரெண்டு நாள் சுணங்கும், அப்புறம் விட்டுடும்." மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கழுத்துப் பட்டையை எடுத்தார். "இதைக் கட்டி வைங்க. எதிர்பார்ப்பு ஏறினா ஆரஞ்சு விளக்கு எரியும். சுத்தி நடக்கிற சத்தமும் சேர்ந்து பதிவாகும். அடுத்த வெள்ளிக்கிழமை திரும்பப் பாக்கலாம். அதுவே கடைசி. மூணாவது வாய்ப்பு விதியில கிடையாது."

"இருபத்தெட்டாம் தேதி நான் நார்வேயில வேலையில சேரணும்."

"நாயை இங்கயே யார்கிட்டயாவது விட்டுட்டுப் போகலாம் இல்லையா?"

"முடியாது" என்றான் சேந்தன்.

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. குழலி பாத்ரூமில் எந்தப் பாட்டைத் தப்பாகப் பாடுவாள் என்பது தெரிந்த இன்னொரு உயிர் இந்த உலகத்தில் அதுதான். அதை எந்தப் படிவத்தில் எழுதுவது?

அன்று சாயங்காலம் விளக்கு எரிவதை முதன்முதலாகப் பார்த்தான். ஆறு நாற்பது இருக்கும். லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து, பிளாட் வாசலில் இருந்த இரும்பு கேட்டின் கொண்டியை எடுத்துவிட்டு, சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தான். திரும்பி வரும்போது வத்தல் கேட்டின் முன்னால் நின்றிருந்தது. வால் ஆடவில்லை. கழுத்தில் ஆரஞ்சு வெளிச்சம். குழலி ஆபீஸ் முடிந்து வரும் நேரம் அது. இருபது நிமிடம் கழித்து விளக்கு அணைந்தது. வத்தல் திரும்பி வந்து கால்மிதியில் படுத்தது.

பத்து மாதமாக தினமும் இப்படி நின்றிருக்கிறது. அது வெறுமனே காற்று வாங்குகிறது என்று நினைத்திருந்தான்.

சாத்தூருக்குப் போன் போட்டான்.

"மச்சான், அன்னைக்கு ஆஸ்பத்திரியில ஒரு கவர் குடுத்தாங்களே."

அந்தப் பக்கம் பஸ் டெப்போவின் இரைச்சல். தணிகாசலம் அங்கே மெக்கானிக். இரைச்சல் குறைந்தது, எங்கோ ஒதுங்கி வந்திருந்தான்.

"ஆமா. நைட்டி. க்ளிப்பு ஒண்ணு. ஏன் மாப்ள?"

"தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"கம்மாயில விடச் சொன்னாங்க. கொண்டுக்கிட்டுப் போனேன். விட முடியல. டூல்ஸ் பெட்டிக்கு அடியில வச்சிருக்கேன். எம் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது."

சேந்தன் விஷயத்தைச் சொன்னான்.

"நாந்தான மாப்ள அத மேல கொண்டுபோய்ப் பூட்டுனேன்" என்றான் தணிகாசலம். "வராம நாலு கால்லயும் உக்காந்துக்கிருச்சு. தரதரன்னு படியில இழுத்தேன்."

"அதை விடுங்க மச்சான்."

"நானே கொண்டாரேன். கூரியர்ல அனுப்புற பொருளா அது?"

வியாழக்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தான். ஒரு கையில் காராச்சேவு, இன்னொரு கையில் துணிப்பை. கல்யாணமான புதிதில் வத்தலைக் குட்டியாகக் கொண்டுவந்து கொடுத்தவனும் அவன்தான். அப்போது குழலி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே இது, வெயில்ல காயப்போட்ட மாதிரி இருக்கு" என்றாள். பெயர் அப்படி வந்தது.

"என்னடா வத்தலு, நார்வேக்காரங்க உன்னைய எண்ணெயில பொரிச்சிராம பாத்துக்க" என்று அதன் முதுகைத் தடவினான். வத்தல் அவன் செருப்பை மோந்தது, பையை மோந்தது, போய்ப் படுத்துக்கொண்டது.

சாயங்காலம் விளக்கு எரிந்தபோது தணிகாசலம் சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தைத் துண்டால் துடைத்தான்.

"நீ அழவேயில்லையே மாப்ள. அன்னைக்கும் அழல. பந்தல்காரனுக்கு வெலாசம் சொல்லிக்கிட்டு நின்ன. எங்காளுக கூடத் தப்பாப் பேசுனாக."

"தெரியும்."

"நான் பேசல."

"அதுவும் தெரியும், மச்சான்."

வெள்ளிக்கிழமை கண்ணாடிக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். வீட்டு ஆட்களின் துக்கம் நாய்க்குக் குழப்பம் தரும். அதனால் இந்தச் சோதனைக்கு மட்டும் நாயும் டாக்டரும் லூர்துவும்தான் உள்ளே. ரெஹானா துணிப்பையிலிருந்து கவரை எடுத்து, ஒட்டியிருந்த வாயைக் கத்தரித்தார். நீலப் பூப்போட்ட நைட்டி. சேந்தன் அதைப் பார்த்தான். அதன் இடது தோள்பட்டைத் தையல் பிரிந்திருக்கும் என்று நினைத்தான். பிரிந்திருந்தது.

தணிகாசலம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

வத்தல் மோந்தது. கழுத்துப் பக்கம், தோள் பக்கம், கைப்பக்கம். அவசரமில்லாமல் மோந்தது. பிறகு உட்கார்ந்து, தலையை முன்னங்கால்களின் மேல் வைத்துக்கொண்டது. லூர்து திரையைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். கோடு அசையவே இல்லை.

ரெஹானா பச்சைத் துப்பட்டாவைக் காட்டினார். கோடு மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது. அவ்வளவுதான்.

அவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது, தணிகாசலம் கையெடுத்துக் கும்பிடப் போனான்.

"இருங்க. துணியை மோந்து புரிஞ்சுக்கற நாய் முதல்ல துடிக்கும். கோடு ஏறி விழும். இதுக்கு ஒண்ணுமே ஆகல. இதுக்கு இது பழைய விஷயம்."

"புரியல" என்றான் சேந்தன்.

"அவங்க இல்லைங்கறது இதுக்கு முதல் நாளே தெரியும். அன்னைக்கு அவங்களைத் தூக்கினது யாரு?"

"நான்தான். தலைமாட்டுல."

"வந்து கையைக் கழுவினீங்களா?"

சேந்தன் தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்தான். அந்த ஈர மூக்கின் குளிர்ச்சி விரலிடுக்குகளில் அப்படியே இருந்தது.

"அப்ப சாயங்காலத்துல ஏம்மா வாசல்ல நிக்குது?" என்றான் தணிகாசலம். "நானே நேத்துப் பாத்தேனே."

ரெஹானா மேசையிலிருந்த கருவியைத் தொட்டார். "பட்டையில பதிவான சத்தம் இது. ஆறு நாள். ஒவ்வொரு நாளும் விளக்கு எரியறதுக்கு முந்தின பத்து நொடியை மட்டும் வெட்டிச் சேர்த்திருக்கேன்."

நாற்காலி நகரும் ஓசை. செருப்பில்லாத காலடி. பிறகு இரும்பு மேல் இரும்பு உரசும் சத்தம்: டக்.

நாற்காலி. காலடி. டக்.

ஆறு முறை. நான்காவதில் தூரத்தில் காய்கறி வண்டிக்காரரின் குரலும் சேர்ந்திருந்தது. மற்றபடி எல்லாம் ஒன்றே.

"என்ன சத்தம் இது?"

"கேட் கொண்டி" என்றான் சேந்தன்.

"எதுக்கு எடுக்கறீங்க?"

"அவ ரெண்டு கையிலயும் பையோட வருவா. சாவி எங்கயாவது அடியில கிடக்கும். காலாலேயே தள்ளிட்டு வர வசதியா…" வாக்கியம் அங்கேயே நின்றது. தன் வாயிலிருந்து வந்ததை வேறு யாரோ சொல்லக் கேட்டவன் போல நின்றான்.

"நாய் முதல்ல எழுந்துக்கறது இல்ல" என்றார் ரெஹானா. குரல் தணிந்திருந்தது. "நீங்க கொண்டியை எடுத்த பிறகுதான் அது எழுந்து வருது. அதோட மூக்கு அவங்க இல்லன்னு சொல்லுது. நீங்க வருவாங்கன்னு தினமும் சொல்றீங்க. மூக்கை நம்பறதா, உங்களை நம்பறதான்னு வரும்போது அது உங்களை நம்புது."

உள்ளே லூர்து வத்தலுக்குப் பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"போன வாரம் நீங்க பெஞ்சில இருந்தீங்க. துப்பட்டா வெளிய வந்தப்ப நீங்க கதவைப் பாத்திருப்பீங்க. அதுவும் பாத்துது." அவர் கோப்பைத் திறந்தார். "விதி என்னன்னா, சேந்தன், இந்த நாயை இவர் கூட்டிட்டுப் போறதா இருந்தா இப்பவே கையெழுத்துப் போடலாம்." தணிகாசலத்தைக் காட்டினார். "யார்கூட வேணா அனுப்பலாம். உங்ககூட அனுப்ப முடியாது. அங்க போயும் ஒரு கதவு இருக்கும். நீங்க திறந்து வைப்பீங்க. அது அந்தப் பனியில போய் நிக்கும். செத்த பதினொண்ணோட இன்னொண்ணு கூட்டிக்க எனக்குத் தெம்பு இல்ல."

"நான் வேணா கூட்டிக்கிட்டுப் போய் விட்டுட்டு வரட்டுமா?" என்றான் தணிகாசலம். "பாஸ்போர்ட்டு எடுக்கணும்…"

"போய்ச் சேர்ந்த பிறகு யார்கிட்ட இருக்கும்?"

அவன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"பட்டை இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் ஓடும்" என்றார் ரெஹானா. "நாளைக்குக் காலையில ஏழாவது நாளைப் பாப்பேன். பாத்துட்டு எழுதறேன்." பிறகு, டாக்டர் போல இல்லாமல், "நாய்க்குச் சொல்ல வேண்டியது எதுவும் இல்லப்பா" என்றார்.

தணிகாசலம் எழும்பூரில் இறங்கிக்கொண்டான். மாலை ரயில் அவனுக்கு. நைட்டி இருந்த கவரை நீட்டி, "வச்சுக்கிறியா?" என்றான். "நீங்களே வச்சிருங்க மச்சான்" என்றான் சேந்தன். அவன் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனான்.

வீட்டில் பாதிச் சாமான்கள் பெட்டிகளில் இருந்தன. சேந்தன் லேப்டாப்பைத் திறந்து ஒரு சுரங்க வரைபடத்தைப் பார்த்தான். எதிர்ப் பிளாட்டில் குக்கர் விசில் அடித்தது. கீழே யாரோ வண்டியை ஸ்டாண்டு போட்டார்கள். வத்தல் கால்மிதியில் தூங்கிக்கொண்டிருந்தது.

கேட்டின் முன்னால் நிற்கும்போதுதான் தான் எழுந்து வந்துவிட்டது சேந்தனுக்குத் தெரிந்தது. நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்கவில்லை. மணி ஆறு முப்பத்தொன்பது. வலது கை கொண்டியின் மேல் இருந்தது. கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும் வர்ணம் போய் இரும்பு பளபளத்தது. அந்தக் கையை அவன் பார்த்தான். பத்து மாதத்தில் முதல் தடவையாகப் பார்த்தான். அது தயாராக இருந்தது. மேலே தூக்கிப் பக்கவாட்டில் தள்ள வேண்டும், அவ்வளவுதான். தூக்கவில்லையென்றால் அவள் வந்து கேட்டைத் தட்டுவாள். பைகளைக் கீழே வைக்க வேண்டியிருக்கும். "பூட்டிக்கிட்டு என்ன பண்றீங்க உள்ள?" என்பாள்.

வத்தல் விழித்திருந்தது. எழவில்லை. கால்மிதியிலிருந்தே தலையை உயர்த்தி அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கீழ்த்தளத்தில் லிஃப்ட் கதவு சாத்தப்பட்டது. மேலே ஏறி வந்தது. இரண்டாவது மாடியில் நின்றது. அங்கேயே நின்றுவிட்டது.

சேந்தன் கையை எடுத்தான். கொண்டி போட்டபடி இருந்தது. கேட்டில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தான். இரும்பு பனியனுக்குள்ளும் சில்லென்றிருந்தது.

"அவ வரமாட்டா, வத்தலு" என்றான்.

அதற்கு இது புதுச் செய்தியில்லை. எழுந்து, உடம்பை ஒரு தரம் நீட்டி நெளித்து, நடந்து வந்து மோவாயை அவன் முழங்காலில் வைத்தது. நெடுமூச்சு ஒன்று விட்டது. இரட்டை ஷிஃப்ட் பார்த்தவனை ஒருவழியாக வீட்டுக்குப் போகச் சொன்னது போல. கழுத்தில் விளக்கு எரியவில்லை.

அந்தச் சின்னப் பட்டை ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஏழாவது நாளின் பதிவில் கொண்டிச் சத்தம் இருக்காது. வேறொரு சத்தம் இருக்கும். ரொம்ப நேரத்துக்கு இருக்கும். காலையில் டாக்டர் அதைக் கேட்பார் என்பது சேந்தனுக்குத் தெரியும். கேட்கட்டும் என்று விட்டுவிட்டான்.